ராமேஸ்வரமும் தீவுதானே என்கிறார் உன் பெரியப்பா

மேல் டிவிசன்,
வட்டவளை.
2003 செப்டெம்பர் 14

என் அன்பு மகன் ஜெயகாந்தனுக்கு அம்மா எழுதுவது,

ரோதமுனி சாமி காவலில் இங்கே நானும் உன் தங்கச்சி நிலக்ஷியும் மாப்பிள்ளையும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே லண்டனில் நீயும் மருமகள் லக்சனாவும் அந்தக் குளிரில் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் அன்றாட வேண்டுதல். இங்கே மழை விட்டபாடில்லை. வட்டவளை மழையைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, துவைத்த துணி காயாமல் அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டிருக்கிறோம், உடுத்தினால் புகை வாசம். கீழ் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து கறிவேப்பிலை மரத்தை அப்படியே கொண்டு போய்விட்டது, நல்ல வேளையாக ஆளுக்கு ஒன்றுமில்லை. நிலக்ஷி விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் போட்டுவிட்டுத் தேயிலை மலைக்கு ஏறினால் அட்டைக்கடியோடுதான் திரும்பி வருகிறாள். நம் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. இந்தக் கடிதத்தை நானே என் கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தாலும் வாசித்துவிடு. நிலக்ஷி எழுதித் தருகிறேன் என்றாள். அவள் எழுதினால் நான் திட்டுவதை எல்லாம் விட்டுவிட்டு அம்மா நலம் என்று முடித்துவிடுவாள். ஹட்டனுக்குப் போய் டெலிபோனில் பேசலாம் என்றால் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிறது, நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால் இந்த முறை நீ வாயைத் திறக்க முடியாத மாதிரி கடிதத்திலேயே எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் ராமேஸ்வரம் போகப் போவதில்லை. மதுரை, பழனி, திருச்செந்தூர் எதற்கும் போகப் போவதில்லை. நீ போன மாதம் எழுதிய கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன், மூன்று தரமும் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார், இதை யார் ஆரம்பித்தது. லக்சனா அல்லவா அந்தப் படப் புத்தகத்தை அனுப்பினாள். மாலைதீவு, மொரிசியஸ், பாலி என்று மூன்று தீவுக்கும் பக்கத்தில் கோடு போட்டு, மாமி, நத்தார் பண்டிகைக்கு எங்களுக்கு லீவு, மூன்று பேரும் போய் ஆறுதலாய் இருந்துவிட்டு வருவம், எந்தத் தீவு என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ என்று அவள் யாழ்ப்பாணத் தமிழில் எழுதியிருந்தாள். நீங்களே சொல்லுங்கோ என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை தம்பி. எந்த மலைக்குப் போக வேண்டும் என்று கங்காணி சொன்னார், எதைச் சமைக்க வேண்டும் என்று உன் அப்பா சொன்னார், எந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களைச் சேர்க்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். கொழும்புக்குப் போய் பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டேன். அப்புறம் வருகிறது உன் கடிதம். பெரியப்பா எழுதியிருந்தாராம், நீயும் யோசித்துப் பார்த்தாயாம், வயசான காலத்தில் நாலு கோயிலைப் பார்த்தால் புண்ணியம், தீவுக்குப் போய் நீங்க என்னம்மா செய்வீங்க, உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாதே, பெரியப்பாவே துணைக்கு வருகிறேன் என்கிறார், நான் ரெண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பிவிடுகிறேன் என்று. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்.

நீ எழுதியதாவது எனக்கும் உனக்கும் நடுவில் இருந்தது. உன் பெரியப்பா சிவசாமி என்ன செய்தார் தெரியுமா. வெள்ளிக்கிழமை பூசையில் எழுந்து நின்று, நம்ம நல்லமுத்து சம்சாரம் ராமேஸ்வரம் போகுது, நேர்த்தி இருக்கிறவங்க முடிஞ்சு குடுங்க என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். அன்றைக்கு நான் கோயிலில் இல்லை, மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு வீரம்மா வந்து, அக்கா இந்தாங்க என்று ஒரு சின்ன முடிச்சைக் கையில் வைத்தாள். நம் ஆட்கள் யாராவது தூரப் பயணம் போனால் வழிக்கு இருக்கட்டும் என்று காசைத் துணியில் முடிந்து தருவது வழக்கம்தானே, நான் தீவுக்குப் போகிற கதை கேள்விப்பட்டுத்தான் தருகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டேன். விரித்துப் பார்த்தால் மஞ்சள் துணி. மஞ்சள் துணி என்றால் அது எனக்கு இல்லை, சாமிக்கு. அவள் பேரன் நாலு வயதாகியும் பேசவில்லை, அவன் வாய் திறக்க வேண்டும் என்று காணிக்கை முடிந்திருக்கிறாள். என்னடி இது என்று நான் கேட்பதற்குள் காளியாயிக் கிழவி கால்வலிக்கு முடிந்துகொண்டு வந்தாள், அதற்குப் பின்னால் கீழ் லயத்து ஆட்கள். கைநீட்டி ஒன்றை வாங்கியவள் மற்றதை வாங்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. காணிக்கை முடிச்சை ஒரு தரம் கையில் வாங்கினால் முடிந்த வீட்டுக்கே அதைத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது, சாமியிடம்தான் சேர்க்க வேண்டும் என்பது உனக்கும் தெரியும். மத்தியானத்துக்குள் என் சாமி மாடத்தில் விளக்கு வைக்க இடமில்லை. உன் பெரியப்பா என்னை இப்படித்தான் கட்டிப்போட்டார். கயிறு தேவைப்படவில்லை, மஞ்சள் துணியே போதுமாக இருந்தது.

நான் பேசாமல் இருந்துவிடுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. அன்று சாயந்திரமே அவர் வீட்டுக்குப் போனேன். கங்காணியாக இருந்த காலத்துத் தோரணை இன்னும் போகவில்லை, உட்கார்ந்த இடத்தில் இருந்தே, இந்தா பாரு நாகலெட்சுமி, நாம தோட்டத்தை விட்டு வெளிய போறது எதுக்கு, சாவுக்குப் போவோம், கல்யாணத்துக்குப் போவோம், கோயிலுக்குப் போவோம், சும்மா ஒரு எடத்துக்குப் போயி உக்காந்துட்டு வர்ற வழக்கம் நமக்கு உண்டா என்றார். இல்லை மாமா, அதனால்தான் போகிறேன் என்றேன். தாலி அறுத்தவ கடக்கரையில கால நீட்டி உக்காந்தா ஊரு என்ன சொல்லும் என்றார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. உன் அப்பாவுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் நான் பெரட்டுக்குப் போனேன் ஜெயகாந்தா. மலையெல்லாம் மழை, கண்ணெல்லாம் தண்ணீர், எது மழை எது கண்ணீர் என்று தெரியாமல் கொழுந்து எடுத்தேன். அன்றைக்கு அதே ஊர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, தாலி அறுத்தவள் கூடையைச் சுமந்தால் சரி, காலை நீட்டினால் தப்பா என்று கேட்டுவிட்டேன். பெரியம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள், சிரித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்போதுதான் உன் பெரியப்பா பெரிய புத்திசாலித்தனமாக, ஒனக்குத் தீவுதான வேணும், ராமேஸ்வரமும் தீவுதான என்றார். ஆமாம், அதுவும் தீவுதான். அந்தத் தீவை எனக்கு நன்றாகவே தெரியும். என் அக்கா மீனம்மாவையும் பிள்ளைகளையும் தலைமன்னாரில் கப்பல் ஏற்றி அங்கேதான் கொண்டுபோய் இறக்கினார்கள். இந்தியாவோடு ஒப்பந்தம் என்றார்கள், உங்கள் நாடு அதுதான் என்றார்கள். போய் இறங்கி ஒரு கடிதம் போட்டாள், கூடாரத்தில் இருக்கிறோம் என்று, அப்புறம் கோத்தகிரிப் பக்கம் போனதாகச் சொன்னார்கள், அத்தோடு சரி. அந்தக் கரையில் போய் நின்று நான் எந்தச் சாமியைக் கும்பிடுவேன். கும்பிட மாட்டேன், கேள்விதான் கேட்பேன். ஓய்வு எடுக்கப் போகிறவளுக்கு அது எதற்கு.

அடுத்தது, எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். பழைய துரை பங்களாவை ஓட்டலாக்கி நாலைந்து வருஷமாகிறது. வெள்ளைக்காரர்கள் வந்து புல்வெளியில் சாய்வு நாற்காலி போட்டுப் படுத்திருப்பார்கள், அதற்கு மேலே உள்ள மலையில்தான் நான் பென்சன் போகும் வரை கொழுந்து எடுத்தேன். சும்மா இருப்பது எப்படி என்று என்னை விட நன்றாகப் பார்த்தவர்கள் இந்த டிவிசனில் கிடையாது. ஒரு வெள்ளைக்கார அம்மா என் வயதுதான் இருக்கும், காலையில் நாங்கள் மலை ஏறும்போது ஒரு புத்தகத்தை விரித்து வைத்தவள் மத்தியானக் கொழுந்து நிறுக்கப் போகும்போதும் அதே பக்கத்தில்தான் இருந்தாள். முகத்தில் தொப்பி. குறட்டைச் சத்தம் எங்கள் நிரை வரைக்கும் கேட்டது. யாரும் அவளை எழுப்பவில்லை, யாரும் ஏசவில்லை, டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, படுத்தால் வந்துவிடும். எனக்குத் தெரியாது என்று நீ எப்படிச் சொல்லலாம், நீ எனக்கு இடம் கொடுத்துப் பார்த்தாயா.

பாஸ்போர்ட் எடுக்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பிள்ளை, குருநாகல் பக்கமாம், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். என்னையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, அம்மே, இந்த வயசிலயுமா வேலைக்குப் போறீங்க என்று அவள் பாஷையில் பாவப்பட்டாள். வேலைக்கு இல்லை மகளே, நிக்கங் யனவா என்றேன், சும்மாதான் போகிறேன் என்று. அவள் முதலில் நம்பவில்லை. மகனும் மருமகளும் கூட்டிப் போகிறார்கள், கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறோம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. திரும்பி வந்ததும் அவளுடைய அம்மாவையும் அப்படி ஒரு தடவை கூட்டிப் போவாளாம். அந்தப் பிள்ளையிடம் நான் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது, அதையும் மனதில் வைத்துக்கொள்.

இனித் தீவு. பெரியப்பா தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் ரெண்டு நாள் கழித்து வந்து, சரி, பாலிக்குப் போ, அங்க நம்ம சாமிதானாம், வீட்டுக்கு வீடு கோயிலாம், ஊர்ல கேட்டா நானும் சொல்லிக்கிறேன் என்று பெரிய மனது பண்ணினார். பாலிப் பக்கத்தை விரித்து அவரிடம் காட்டினேன். படியாக வெட்டிய மலைச்சரிவு, பச்சை, அதில் தொப்பி போட்ட பொம்பளைகள் குனிந்து நிற்கிறார்கள். குனிந்து நிற்கிற பொம்பளையைப் பார்க்க நான் பிளேன் ஏற வேண்டுமா, கதவைத் திறந்தால் போதாதா. மொரிசியஸ் நல்ல ஊர்தான், கடல் நீலமாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கேயும் நம்மைப் போலவே கப்பலில் கொண்டுபோய்க் கரும்புக்காட்டில் இறக்கிய சனம் என்று நிலக்ஷியின் மாப்பிள்ளை சொன்னார். எவளாவது ஒருத்தி கரும்பு வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு உட்கார முடியாது, எழுந்து போய்க் கட்டுத் தூக்கிக் கொடுப்பேன், உன் மானம் போகும். மாலைதீவில் பார்த்தால் மலையே இல்லை. மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, தட்டில் கொட்டின மாவு மாதிரி மண் பரந்து கிடக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது. பிறந்ததில் இருந்து ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்தே நின்றவள் நான், ரெண்டு காலும் ஒரே மட்டத்தில் ஒரு வாரம் இருக்கட்டும். கோயில் இல்லாத நாடாம் என்று பெரியப்பா பயமுறுத்தினார். இல்லாவிட்டால் என்ன, நான் இங்கேயே கும்பிட்டுவிட்டுப் போகிறேன், திரும்பி வந்தும் கும்பிடுகிறேன், மாரியம்மா நடுவில் ஒரு வாரம் எனக்கு லீவு தர மாட்டாளா.

முடிச்சுகள் என்ன ஆனது என்று கேட்பாய். போன வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பூசை முடியும் வரை இருந்தேன். பூசாரி முத்துலிங்கத்திடம் தாம்பாளத்தை அம்மன் காலடியில் வைக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். இதை ராமேஸ்வரத்துக்கு என்று கேட்டது பெரியவர் வாய், தெரியாமல் வாங்கினது என் கை, அம்மன் காலடியில் வைத்துவிட்டேன், இங்கிருந்து எடுத்துக்கொண்டு போவதும் பெரியவர் கையாகவே இருக்கட்டும் என்றேன். நாலு பேர் கொழுப்பு என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. வீரம்மாதான் முதலில் பேசினாள், ஆமா மாமா, நீங்களே கொண்டு போங்க, ஒங்களுக்குத்தான் வழி வாசல் எல்லாம் தெரியும் என்று. உன் பெரியப்பா துண்டைச் சரி பண்ணிக்கொண்டு கொஞ்ச நேரம் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் போய்த் தாம்பாளத்தைத் தூக்கினார். தூக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன் தம்பி, அதில் கோபமே இல்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது, ராமேஸ்வரம் பார்க்க ஆசைப்பட்டது அவர். கேட்க வெட்கப்பட்டு என் பேரைப் போட்டிருக்கிறார். ஆகவே நீ அனுப்புகிறேன் என்று சொன்ன டிக்கெட்டை அவருக்கும் பெரியம்மாவுக்குமாக அனுப்பிவிடு, சந்தோசமாகப் போய்வரட்டும். அவர் ஆசை அவருக்கு, என் ஆசை எனக்கு. வீரம்மாவுக்கு நான் ஒரு சிப்பி கொண்டுவருவதாக ஏற்பாடு.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் நான் உன்னைப் பெற்றவள் இல்லை. உன் கடிதத்தில் எனக்கு வலித்தது கோயிலும் இல்லை புண்ணியமும் இல்லை, டிக்கெட் அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான். தீவு என்றால் நீயும் வர வேண்டும். கோயில் என்றால் பெரியப்பாவோடு அனுப்பிவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கலாம். எனக்கு அது தெரியாதா. நீ போன பிறகு இந்த வீட்டுக்கு எத்தனை தரம் வந்திருக்கிறாய் என்று நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. வந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்று மட்டும் நினைத்துப் பார். நிலக்ஷி கல்யாணத்துக்கு வந்தாய், பந்தல்காரன் பின்னாலும் சமையல்காரன் பின்னாலும் ஓடினாய், நான் அடுப்படியில் நின்றேன். அப்பா சாவுக்கு வந்தாய், வந்த சனத்துக்கு நாற்காலி தேடி ஓடினாய், நான் அவர் தலைமாட்டில் கிடந்தேன். நாம் ரெண்டு பேரும் ஒரு பாயில் உட்கார்ந்து ஒரு டீயை ஆறவிட்டுக் குடித்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா, எனக்கு இல்லை. உனக்கு நரை விழுந்துவிட்டது என்று லக்சனா எழுதுகிறாள், நான் இன்னும் பார்க்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கடலும் வேண்டாம் மணலும் வேண்டாம், நீ ஒரு வாரம் எழுந்து ஓடாமல் என் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை சண்டையும். அந்தப் புத்தகத்தில் மாலைதீவுப் பக்கத்திலேயே ஆகச் சின்னதாக ஒரு தீவு இருக்கிறது, ஒரு ஓட்டல் மட்டும்தானாம், சோறு வேகிறதுக்குள் சுற்றி வந்துவிடலாம் மாமி என்று லக்சனா ஓரத்தில் எழுதியிருக்கிறாள். அதைத்தான் நான் எடுத்திருக்கிறேன். அதை விடச் சின்னது இருந்தால் அதையே எடு. பஸ் இல்லை, ரயில் இல்லை, கூப்பிட்டு விடுகிற ஆள் இல்லை. நீ எழுந்து எந்தப் பக்கம் நடந்தாலும் சுற்றிக்கொண்டு என்னிடம்தான் வந்து சேர வேண்டும்.

லக்சனாவோடு சண்டை போடாதே, இந்தக் கடிதத்தை அவளிடமும் காட்டு, அவள் என் பக்கம் நிற்பாள். சனிக்கிழமையில் நல்லெண்ணெய் தேய், நெஞ்சுச் சளியை வைத்துக்கொண்டு குளிரில் திரியாதே. அந்தக் கடல் பக்கத்து ஓட்டலில் உறைப்பு இருக்காதாம், இடிசம்பல் இடித்துக்கொண்டு வருகிறேன். கடலில் நான் சேலையோடுதான் இறங்குவேன், அதற்கும் ஏதாவது பேசினால் அங்கேயே ஏசுவேன். நீங்கள் ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனசு ஒத்து, நீண்ட ஆயுளோடு இருக்க மாரியம்மனும் ரோதமுனியும் கூட நிற்கட்டும். கடைசியாக ஒன்று. டிக்கெட் எடுக்கும்போது என் பேருக்குப் பக்கத்தில் உன் பேரும் இருக்கிறதா என்று பார்த்து எடு. உன் பேர் இல்லாமல் வந்தால் அதையும் உன் பெரியப்பாவிடமே கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ந. நாகலெட்சுமி